அப்பாவின் கடைசிக் கச்சேரி

அம்மாவுக்கு ரோரி வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? வாசல் பனியை நீயே அள்ளாதே, பக்கத்து வீட்டு அலெக்கைக் கூப்பிடு.

இங்கே ஆல்பர்ட்டா எண்ணெய் வயலில் குளிரைத் தவிர வேறு குறையில்லை. போன வாரம் ஒரு வேடிக்கை. அப்பாவின் ஃபிடில் கச்சேரிப் பதிவுகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். முகாம் மேற்பார்வையாளர் டெல்பர்ட் பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, திருட்டுப் பாட்டா எறக்குற? லைனக் கட் பண்ணிருவேன்."

நான் பதிவை ஓடவிட்டேன். ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் அப்பா சொல்வாரே, அதுதான் கேட்டது: "பதிவு பண்ணிக்குங்க, ஊருக்கெல்லாம் குடுங்க. எவனாவது காசுக்கு வித்தான், இந்த வில்லாலயே சாத்துவேன்!"

டெல்பர்ட் சிரித்துவிட்டார். "வாசிச்சவரே சொல்லிட்டாரு, நடுவுல நான் யாரு?"

ஆனால் அப்பாவின் கடைசிக் கச்சேரி மட்டும் பாதி இறங்கி நிற்கிறது. தங்கள் கணினிகளிலிருந்து இணையத்தில் அதைப் பகிர்ந்துகொள்ளும் மற்றவர்களிடமும் பாதிதான் இருக்கிறது. முழுதாக இருப்பது அவருடைய கணினியில். அது ஓடினால்தான் மீதி எனக்கு வரும். அவர் வாசிப்பைக் கேட்கத் தாங்காமல் அடக்கத்தன்று நீ அதை அணைத்துவிட்டு அறையைப் பூட்டியது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பொழுது அறையைத் திறந்து அந்தக் கணினியைப் போட்டு வை அம்மா. வேறெதையும் தொட வேண்டாம், அதுவே அனுப்பிவிடும்.

முடிந்தால் கம்பளிக் காலுறையும் பின்னி அனுப்பு. வேலைக்குப் போகும் பேருந்து ஹாரன் அடிக்கிறது.

பயப்படாதே, சத்தம் எதுவும் வராது. உன் காதில் விழாமலே அப்பா என்னிடம் வந்துவிடுவார்.

ரோரி