ஒலியை நம்பாத இயற்பியல் வாத்தியார்

மார்ச் 4
வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஆறு வருடமாக மாதவிலக்கு நாட்களில் என் மனைவி மெர்லின் கழிப்பறையிலிருந்து வெளுத்த முகத்தோடு வருகிறாள். ஒரு டாக்டர் 'கேஸ்' என்றார், இன்னொருவர் 'மனசு' என்றார். வயிற்றின்மேல் ஜெல் தடவி எடுத்த ஸ்கேன் மூன்றும் நார்மல். குடலுக்குள் கேமரா விட்டதும் நார்மல். எல்லோரையும் பேர் போட்டுப் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன். கீழே என் பெயர், எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., இயற்பியல் ஆசிரியர், மரக்காணம். பதவி உயர்வு கொடுத்திருந்தால் தலைமையாசிரியர் என்றே போட்டிருக்கலாம். அந்த வயிற்றெரிச்சலுக்குத் தனி நோட்டு இருக்கிறது. இரண்டு நோட்டு.

மார்ச் 9
புதுச்சேரி. பஸ் கூனிமேட்டு வேகத்தடையில் ஏறியபோது மெர்லின் என் கையைப் பிடித்து நசுக்கினாள். டாக்டரம்மா சொன்னார்: எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம், கருப்பையின் உள்படலம் போன்ற திசு குடலில் ஒட்டி வளர்வது. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார்.
நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "மேடம், அது அல்ட்ராசவுண்ட், வெறும் எதிரொலி. எம்ஆர்ஐ காந்தம். நான் ப்ளஸ் ஒன்ல பாடம் எடுக்கறவன்."
"ரெண்டும் நல்லதுதான் சார். பாக்கறவங்க பழக்கம்தான் முக்கியம்."
மெர்லின் ஏதோ சொல்ல வந்தாள். நான் பேசிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15
எம்ஆர்ஐ எடுத்தோம். டாக்டரம்மாவின் சீட்டு என் பையிலேயே இருந்தது. படிவத்தை நானே நிரப்பினேன்.

மார்ச் 16
நார்மல்.
"உங்க காந்தமும் என்னப் பொய்க்காரின்னுடுச்சா?" என்றாள்.

ஏப்ரல் 12
குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். "ஏங்க, உண்மையச் சொல்லுங்க. காந்தம் ஒசத்தின்னு எடுத்தீங்களா, இல்ல அந்த ஸ்கேன அங்க எடுக்கறது உங்களுக்குப் புடிக்கலன்னா?"
பையிலேயே கிடந்த டாக்டரம்மாவின் சீட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.
உப்பளம் சூழ்ந்த மரக்காணத்தில் இருந்துகொண்டு உப்புப் போட்டுத்தான் தின்கிறேனா?

ஏப்ரல் 19
உள் ஸ்கேன். டாக்டர் ஃபாயிசா, இதற்கென்றே பழகியவர். "இங்க வலிக்குதாக்கா? இப்போ?" என்று கேட்டுக் கேட்டுக் கருவியை நகர்த்தினார். காந்தம் எதையும் கேட்கவில்லை. மலக்குடல் சுவரில் இரண்டரை சென்டிமீட்டர் கட்டி. மெர்லின் அழுதாள். பொய்க்காரி இல்லையாம், அந்த சந்தோஷம்.
"கேமரால ஏன் தெரியல?"
"அது குடலோட உள்பக்கத்தத்தான் காட்டும் சார். இது வெளியேருந்து புடிச்சிருக்குது."
"அப்போ எம்ஆர்ஐ பொய்யா?"
அந்தப் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். "பாருங்க, இதுலயும் இருக்குது. மேல் குடலப் பாக்க எனக்கே இது வேணும். ஆனா என்ன தேடணும்னு படிவத்துல எழுதல. வெறும் 'வயிற்று வலி'ன்னு போட்டிருக்குது. யாரு எழுதினது?"
முத்து முத்தான கையெழுத்து. 'மாதவிலக்கு' என்று எழுதக் கூசிய கை.

ஏப்ரல் 27
வெள்ளிக்கிழமை ஆபரேஷன். பத்திரிகைக்கு எழுதியதைக் கிழித்து மறுபடி எழுதினேன். குற்றவாளிகள் பட்டியலில் முதலில் கணவன், பிறகுதான் டாக்டர்கள். மெர்லின் படித்தாள். "அனுப்புங்க, நாலு பொம்பளைங்களுக்கு ஆவும். ஆனா உங்க பேரப் போட்டா என் வயிறு ஊருக்கே தெரிஞ்சிரும்."
மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் கோழை என்று இருபது வருடம் ஸ்டாஃப் ரூமில் முழங்கியவன் நான். பெயரை அடித்தேன். எம்.எஸ்ஸி.யை அடித்தேன். எம்.ஃபில்.லுக்குக் கொஞ்ச நேரமாயிற்று.
நாளை தபாலில் சேர்த்துவிடுவேன்.