யானைக்குச் சொன்ன விலை

ஜனவரி 9, வெள்ளி

போடியாரின் வயல் கணக்கை இன்று முடித்துவிட்டேன். வயல் அவருக்கும் அவருடைய தங்கச்சிக்கும் சரிபாதி. தங்கச்சி தன் பங்கை டிசம்பர் கடைசிக் கணக்குப்படி அவருக்கே விற்கிறா. வயல்வட்டை முழுக்கப் பயிர் கதிர் தள்ளி நிற்கிறது. அதற்கு விலையாக விதைநெல்லும் உரமும் வாங்கிய செலவை மட்டும் போடச் சொன்னார் போடியார்.

"சூடடிக்க முன்னம் விளைச்சலச் சொன்னா பொலி குறையும், புள்ள."

வளர்ந்த பயிர், விற்கும்வரை காத்திராமல், நிற்கும்போதே சந்தை விலைக்கு மதிக்க வேண்டிய சொத்து என்கிறது கணக்கீட்டு நியமம். அதை நான் விளக்கப் போகவில்லை.

"டிசம்பர் கடைசியில யானை பூந்து மிதிச்சிருந்தா, நிண்ட பயிருக்கு எவ்வளவு நட்டஈடு கேட்டிருப்பீங்க, போடியார்?"

ஏக்கருக்கு இவ்வளவு என்று யோசிக்காமலே சொன்னார். சொன்ன பிறகுதான் கூட வந்திருந்த தங்கச்சியின் பக்கம் திரும்பினார். அவ சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றா.

அந்தத் தொகையைச் சந்தை விலையோடு ஒப்பிட்டேன். கிட்டத்தட்டச் சரி. விற்கும் செலவைக் கழித்து எழுதினேன். போடியார் கையெழுத்து வைத்தார்.

இன்றிரவு யானை வந்தாலும் என் கணக்கு மாறாது. நட்டம் முழுவதும் இனி போடியாருக்குத்தான். எழுதியது சரி. ஆனாலும் தூரத்தில் யானைவெடி கேட்கிறபோதெல்லாம், அது எந்த வட்டைப் பக்கம் என்று காது கொடுக்கிறேன்.