அம்மாவின் கல்லுக்கு ஒரு வரி

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மேரினுக்கு,

வலென்சியாவில் நீ சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நானும் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், இருக்கிறேன், அவ்வளவுதான். அம்மா போய் இன்றைக்கு இருபத்திரண்டு நாள். உன் தம்பி டானியல் ஞாயிறுதோறும் ஹவுகெட்டோவிலிருந்து சோறும் கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான், பாதி அப்படியே கிடக்கிறது. பனி இறுகிப்போய், போன கிழமை பஸ் தரிப்பில் வழுக்கி விழுந்தேன், பெரிய காயமில்லை, அவனுக்குச் சொல்லாதே.

அம்மாவின் மரண அறிவித்தலைப் பார்த்துவிட்டு நீ தொலைபேசியில் சொன்னது நெஞ்சை விட்டுப் போகவில்லை. நீ படிப்பிக்கிற ஸ்பானிய மொழியில் நூறு பெண்களோடு ஒரு ஆண் நின்றாலும் எல்லாரையும் ஆண்பாலில்தான் சொல்லவேண்டுமாம், உங்கட அறிவித்தலும் அப்பிடித்தான் அப்பா, ஆரின்ர மகள், ஆரின்ர மனுசி எண்டுதான் கிடக்குது, அம்மா ஆரெண்டு இல்லை என்றாய். முப்பது வருடமாக இங்குள்ள சனத்துக்கு அறிவித்தல் எழுதிக் கொடுக்கிறவன் நான், எனக்குக் கோபம் வந்துவிட்டது. தாய் செத்த நேரத்தில் இலக்கணம் கதைக்கிறாய் என்று ஏசினேன். அடக்கத்துக்கு வந்து நின்ற இரண்டு நாளும் நீ என்னோடு கதைக்கவில்லை.

நீ போன பிறகு பழைய அறிவித்தல்களை எடுத்துப் பார்த்தேன். ஆண்களுக்கெல்லாம் என்ன வேலை என்று போட்டிருக்கிறேன், கோப்பை கழுவினவரைக்கூட உணவக ஊழியர் என்று. வடக்கே பாட்ஸ்பியோர்ட் தொழிற்சாலையில் மீன் வெட்டி விரல் மரத்துப்போன பெண்களில் ஒருத்திக்கும் நான் வேலை போடவில்லை. அம்மாவின் கல்லறைக் கல்லிலாவது சரியாக எழுதுவோம் என்று இருந்தால், அம்மா என்ன வேலை செய்தாள் என்று எனக்கே சரியாகத் தெரியாது பிள்ளை. நான் ஒஸ்லோவுக்கு வந்து கோப்பை கழுவிய மூன்று வருடமும் அவள் பாட்ஸ்பியோர்டிலேயே தனியே நின்றாள், மீன் வெட்டினாள், அதற்குமேல் நான் கேட்டதில்லை. அவளோடு வேலை செய்த அனஸ்ரேசியாவிடம் கேட்டேன். மீன் வெட்டுற லைன் முழுக்க அவவின்ர பொறுப்பு, பதினெட்டுப் பேருக்கு அவதான் மேற்பார்வை, நீங்கள் கோப்பை கழுவுறியள் எண்டு உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவ என்றார். சாகும்வரை அவள் அதை வாயில் எடுக்காமல் இருந்தது என் மானத்துக்காக. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அருள்ராணி, மீன் தொழிற்சாலை மேற்பார்வையாளர் என்று கல்லுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் பெயர் அதில் இல்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு வரப் பார், வராவிட்டாலும் குறை நினைக்கமாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கல்லின் கீழ்ப்பாதியில் எனக்கு இடம் விட்டிருக்கிறது, என் முறை வரும்போது அறிவித்தலையும் நீதான் எழுதவேண்டும். அருள்ராணியின் கணவர் என்று போட்டால் போதும், வேலை ஒன்றும் போடவேண்டாம்.

ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் கூட இருப்பாராக.

உன் அப்பா
அல்பேர்ட்