பதினொரு மணிக்கு முந்தைய காற்று

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். நீயும் உன் மனைவியும் என் மருமகள் வாலுவும் நலம்தானே? போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ "ம், ம்" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டுகிறாய். அதனால்தான் கடிதம்.

நம் தெருவுக்குப் பின்னால், செங்கல் சூளைக்கு அடுத்த காலிமனையில், ஊர்க் குப்பை முழுவதையும் எரிக்கும் ஆலை கட்டப் போகிறதாம் நகராட்சி. இரவு பகலாக எரியுமாம். கேட்கப் போனால் கவுன்சிலர் ஓர் அறிக்கையைக் காட்டுகிறார். அதில் பக்கம் நாற்பத்தொன்றில், காற்று வீடுகளை விட்டு விலகி ஆற்றுப் பக்கமே வீசுகிறது, ஆகவே புகை வீடுகளை அண்டாது என்று போட்டிருக்கிறது. நான் அங்கேயே சிரித்துவிட்டேன். சலவைக்கடைக்காரியிடம் வந்து காற்றைப் பற்றிக் கதை விடுவதா? காலை பத்து, பத்தரை வரை சூளைப் புகை நேரே நம் மொட்டைமாடிக்குத்தான் வருகிறது. பிறகுதான் திரும்புகிறது. இதை எழுதிய புண்ணியவான் ஒரு நாளாவது துணி காயப்போட்டிருப்பானா?

ஆலை வந்தால் ஆஸ்பத்திரி விரிப்புகளை நான் எங்கே காயவைப்பது? கடையை மூட வேண்டியதுதான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எதிர்வீட்டுத் தையல்காரியின் மகள் இப்போதே இன்ஹேலர் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை.

அந்தப் பக்கத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். நீ இந்த மாதிரி அறிக்கை எழுதும் அலுவலகத்தில்தானே இருக்கிறாய். என்ன கேட்டால் அவர்கள் வாயடைக்கும் என்று எழுது. ஏப்ரல் இருபதாம் தேதி விசாரணை. தெருவே சேர்ந்து என்னை முன்னால் தள்ளிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வேறு, நான் பேசினால் மைக்கே வேண்டாம் என்கிறார்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். வேலை அதிகம், அதனால்தான் பதில் தாமதம்.

நீ அனுப்பிய பக்கத்தைப் படித்தேன். விதிப்படிதான் இருக்கிறது. மூன்று மாதம் அந்த இடத்திலேயே கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். கருவி கொடுத்த எண்களோடு விசாரணையில் மோதுவது லேசல்ல. நீ ஏன் முன்னால் நிற்க வேண்டும்? கண்ணாடிக்காரரே பேசட்டும். உனக்கும் முழங்கால் வலி. பேசாமல் எங்களோடு வந்துவிடேன். மாடியறை சும்மாதான் கிடக்கிறது.

உன்
தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

மனுப் போட்டு முழு அறிக்கையையும் வாங்கினோம். கடைசிப் பக்கத்தில், காற்றும் புகையும் பற்றிய பகுதியைத் தயாரித்தவர் என்று உன் பெயர் இருக்கிறது. கண்ணாடிக்காரர்தான் முதலில் பார்த்தார். பாவம் மனிதர், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

புண்ணியவான் என்று உன்னைத் திட்டி உனக்கே அனுப்பியிருக்கிறேன். நீயும் அதைப் படித்துவிட்டு வாலுவின் பல்லைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

கருவி எந்த நேரம் அளந்தது என்பதும் அறிக்கையிலேயே இருக்கிறது. காலை பதினொன்று முதல் மாலை ஐந்து வரை. காற்று என்ன ஆபீஸ் நேரம் பார்த்தா வீசுகிறது? நம் மாடியில் சூளையைப் பார்த்த வெளிக்கொடி ஒன்று, தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குப் பின்னால் உள்கொடி ஒன்று என்று இரண்டு இருப்பது உனக்குத் தெரியாதா? காலையில் துணியை உள்கொடியில் போட்டு, புகை திரும்பியதும் நேரத்தைக் குறித்துவிட்டு வெளிக்கொடிக்கு மாற்றுகிறோம். பத்தொன்பது வருஷ நோட்டு என்னிடம் இருக்கிறது. முதல் இரண்டு நோட்டும் உன் கையெழுத்து.

விசாரணையில் உன் பெயரை எடுக்க மாட்டேன். ஆனால் பக்கம் நாற்பத்தொன்றைச் சும்மா விட மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

வண்டி ஆபீசிலிருந்து கிளம்பி இடத்துக்கு வர பத்தரை ஆகிவிடும். கருவியைப் பொருத்தி முடிக்கப் பதினொன்று. திருட்டுப் போகும் என்று ஐந்து மணிக்குக் கழற்றிவிடுவார்கள். எல்லா ஊரிலும் இப்படித்தான். எண்கள் வந்தபோது, காலை நேரமே இல்லையே என்று எனக்கு உறைத்தது. அது நம் தெரு என்பதும் தெரியும். கெடு நெருங்கிவிட்டது, இது போதும் என்றார் மேலதிகாரி, கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு, ஒட்டி மூடிய உறை ஒன்று இருக்கிறது. பக்கம் நாற்பத்தொன்று தவறு, காலைக் காற்றை நாங்கள் அளக்கவே இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். விசாரணையில் அதைக் கொடுத்தால் நீங்கள் ஜெயிப்பீர்கள். என் வேலை போய்விடும். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். எதுவானாலும் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

ஜெயித்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இருபதாம் தேதி பத்தொன்பது நோட்டையும் பெட்ஷீட்டில் மூட்டை கட்டிக் கொண்டுபோனேன். நகராட்சி வக்கீல் ஒன்றைப் புரட்டிப் பார்த்து, "ஏம்மா, இதுல துணி எங்க காஞ்சதுன்னுதானே இருக்கு? காத்து எங்க இருக்கு?" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. உன் உறை என் பையில்தான் இருந்தது. கை அதன்மேல் போனது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பத்தொன்பது வருஷமாக நான் கண்ணால் பார்த்ததை நிரூபிக்க உன் வேலையை எதற்குப் பலி கொடுக்க வேண்டும் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது.

விசாரணை அதிகாரி ஒரு நரைத்த அம்மா. அவரைப் பார்த்து, "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு எங்க மாடிக்கு வாங்கம்மா. ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடி வாங்க. வேற எதுவும் கேக்கல" என்றேன். அந்த அம்மா பேனாவை மூடிவிட்டு, வருகிறேன் என்றார்.

வந்தார். தெரு முழுவதும் மாடிகளில் நின்றது. கொடிக்கு ஒன்றாக இரண்டு வெள்ளை விரிப்புகளை ஈரத்தோடு போட்டேன். வக்கீல் வெள்ளைச் சட்டையில் வெளிக்கொடிப் பக்கமே நின்றுவிட்டார், நானும் தடுக்கவில்லை. எட்டரைக்கு வெளிக்கொடி விரிப்பில் கரும்புள்ளி. அவர் தோளிலும் அதே புள்ளி. தட்டிவிடப் போனவரிடம் தையல்காரி, "தேய்க்காதீங்க சார், பரவிடும்" என்றாள்.

அதிகாரி விரிப்பை விரலால் தடவிப் பார்த்தார். சூளைக்கு ஒரு புகைபோக்கி, ஆலைக்கு எத்தனை என்று கேட்டார். மூன்று என்று வக்கீல் முனகினார். அந்த அம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து நோட்டுகளைப் படிக்கத் தொடங்கினார். பத்தே காலுக்குப் புகை அவர் கண்ணெதிரே திரும்பியது. உடனே போன வருஷத்து நோட்டில் அதே தேதியை எடுத்துப் பார்த்தார். "10.10, வெளி" என்று இருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

நேற்று உத்தரவு வந்தது. அனுமதி இல்லை. தையல்காரி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும்தான்.

உன் உறையை ஒட்டியபடியே திருப்பி அனுப்புகிறேன். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று எழுதியிருந்தாயே, அந்த ஊர்களில் நோட்டு எழுதும் சலவைக்காரி இருக்கிறாளோ என்னவோ. இதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று உனக்கே தெரியும்.

அன்புடன்,
அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

கொடுத்துவிட்டேன். மேலதிகாரி மேசையில் உறையை வைத்தேன். பிரித்துப் படித்துவிட்டுக் கத்தினார். இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், நகராட்சி உங்கள் ஊர் உத்தரவின் நகலை அனுப்பியது. அதைப் படித்த பிறகு சத்தம் அடங்கிவிட்டது. நான்கு ஊர் அறிக்கைகளைத் திரும்பப் பெறுகிறார்கள். இனி வண்டி காலை ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டுமாம். என்னைத் திட்டாத டிரைவர் இல்லை.

வேலை போகவில்லை. மேசை மட்டும் ஜன்னல் இல்லாத மூலைக்கு மாறிவிட்டது. இத்தனை நாளில் இப்போதுதான் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்.

உன்னைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தத் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது?

உன்
தம்பி


மே 16

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்ன நான்கு ஊர்களில் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். திரும்ப அளக்கும்போது எதைப் பார்க்க வேண்டும், எப்படிக் குறிக்க வேண்டும் என்று சொல்லித்தரச் சொல்கிறார்கள். வரும் ஞாயிறு நானும் கண்ணாடிக்காரரும் போகிறோம். கொடியைப் பற்றி நான் பேசிவிடுவேன். கருவியைப் பற்றிக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? அதனால் நீ வருகிறாய். சனிக்கிழமையே இங்கே வந்துவிடு. முகம் கிகம் என்று யோசிக்காதே, உன் முகத்தைத் தெருவே பார்த்திருக்கிறது.

அங்கே உன்னை யார் என்று சொல்வது என்றுதான் இரண்டு நாளாக யோசித்தேன். பொறியாளர் என்றால் விரட்டுவார்கள். அறிக்கை எழுதியவன் என்றால் அடிதான் விழும். கண்ணாடிக்காரரிடம் கேட்டேன். "உங்க தம்பின்னு சொல்லுங்க, ஒருத்தன் கை வைக்க மாட்டான்" என்றார்.

அப்படித்தான் சொல்லப் போகிறேன், மைக்கிலேயே.

அன்புடன்,
உன் அக்கா