காயறதுக்கு முன்ன ஒரு பூஜை

மிஷேல்,

நீ ரெம்பியாவுல இருக்கற உங்க அம்மா வீட்டுக்குப் போனதிலேருந்து நான் கடையிலதான் சாப்பிடறேன். கோபம்லாம் இல்ல. விஷயத்த மட்டும் சொல்றேன்.

பத்து பெரண்டாம் ஊரு ஃபேக்டரியில நாங்க போட்ட காங்கிரீட் தரை வெடிப்பு விட்டுச்சுல்ல? நம்ம செலவுலயே முழுசா ஒடச்சு மறுபடி போடணும்னு ஃபேக்டரி மொதலாளி நகுலன் அங்கிள் ஒத்தக் கால்ல நின்னாரு. அப்படிப் போட்டிருந்தா நம்ம கம்பெனிய மூடிட்டு, நீ சொன்ன மாதிரி செங் ஊருல ஏதாவது ஃபேக்டரியில ஷிஃப்டு வேலைக்குத்தான் போயிருப்பேன்.

கட்டட கேஸ் பாக்கற லோயர் ரோகினி அக்காவப் புடிச்சேன். அவங்க சமாதானம் பேச என்னையும் அங்கிளையும் அந்த வெடிப்புக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க.

"கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுக்கும்லா. மிஷின எப்ப உள்ள ஏத்துனீங்க அங்கிள்?"

"மிஷினுக்குப் பூஜை போட்ட அன்னைக்குத்தான். நல்ல நேரம் தவறக்கூடாதில்ல."

"தரை காஞ்சிருந்துச்சா?"

அங்கிள் குனிஞ்சு வெடிப்ப விரலால தடவிப் பாத்தாரு. நான் குறுக்க பேசி சண்டையக் கிளப்பல, நம்பு.

மிஷினுக்குக் கீழ மட்டும் வெட்டி எடுத்துப் போடறதுன்னு முடிவாச்சு. சிமெண்டு செலவு அவரோடது, ஆளு கூலி நம்மளோடது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. கிளம்பறப்ப அங்கிள், "தம்பி, மறுபடி பூஜை வைக்கணும். இந்த வாட்டி தேதிய நீயே சொல்லு"ன்னாரு.

சனிக்கிழமை கார எடுத்துட்டு அங்க வரேன். வர்றதா இருந்தா பையக் கட்டி வை.

உன் புருஷன்