விருந்தாளிக்கு ஊற்றிய தண்ணீர்

மார்ச் 3

காலையில் பனி. மதியம் சேறு. மாவட்டத் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் ஹீட்டர் வேலை செய்யாததால் கோட்டைக் கழற்றாமலே தட்டச்சு செய்தேன்.

வாரியத் தலைவர் கர்ட்டிஸ் உள்ளே வந்ததும் வராததுமாக, “ரெனா, இந்த வருஷம் ஸ்லேட் ரன்னுக்குக் கேட்டுப் பாக்கப் போறோம். நீதான் எழுதுற. காலேஜ் போனவ நீ ஒருத்திதான்” என்றார்.

ஸ்லேட் ரன் எங்கள் பள்ளத்தாக்கு. நகரத்துக் குழாய் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக் குழாய்களில் எல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான். நிலக்கரிச் சுரங்கம் தோண்டிய பிறகு அதில் வருவது ஆரஞ்சு நிறம், அழுகிய முட்டை வாசனை. மத்திய அரசின் பட்ஜெட்டில் இந்த ஊருக்கு இந்த வேலை என்று பெயர் குறித்தே பணம் ஒதுக்கச் சொல்லி எங்கள் தொகுதிப் பிரதிநிதி கேட்கலாம். ஆனால் கொஞ்ச வேலைகளுக்குத்தான் கேட்க முடியும். எங்கள் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் உடைந்துகிடப்பவை அதைவிட எவ்வளவோ அதிகம். ஆகவே முதலில் அவர் மனதில் இடம் பிடிக்க வேண்டும்.

சரி என்று தலையாட்டினேன். எழுதுவது பரவாயில்லை, நாலு பேர் முன்னால் பேசத்தான் எனக்கு வராது. எப்போது வந்திருக்கிறது?

மார்ச் 8

பட்டமளிப்பு விழாவுக்கு வாங்கிய வெள்ளைச் சட்டை இன்னும் பெட்டியில் கிடக்கிறது. இந்தத் தண்ணீரில் ஒரு தடவை துவைத்தால் போயிற்று, ஆரஞ்சாகிவிடும்.

மார்ச் 14

பிரதிநிதியின் அலுவலகத்திலிருந்து திருமதி ப்ரெஸ்டன் என்பவர் நேரில் பார்க்க வருகிறாராம். எங்கள் வீட்டில்தான் கூட்டம். அப்பாவிடம் சொன்னதுதான் தாமதம், பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. வெர்னா அத்தை வேலிக்கு வெள்ளையடிக்கிறாள். அத்தை என்றால் உறவில்லை, இங்கே எல்லோருக்கும் அவள் அத்தைதான். அம்மா கழுவும் தொட்டியில் படிந்த துருக்கறையை எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“அம்மா, அவங்க அதப் பாக்கத்தான் வர்றாங்க.”

“அழுக்குத் தொட்டியப் பாக்க யாருடி வருவா? தள்ளு.”

மார்ச் 19

கூட்டம் முடிந்தது. எழுதிவிடுகிறேன்.

திருமதி ப்ரெஸ்டன் ஐம்பது வயதுக்காரர். காலணியில் சேறு பட்டதற்கு முகம் சுளிக்கவில்லை. அம்மா பீன்ஸ், சோள ரொட்டி, பிளாக்பெர்ரி பழம் அடைத்துச் சுட்ட பை எல்லாம் வைத்திருந்தாள். காபி. பெரிய கண்ணாடிக் குடுவையில் தண்ணீர், பளிங்கு மாதிரி. சாலையோர ஊற்றுக் குழாயிலிருந்து விடியும் முன்பே அப்பா போய்ப் பிடித்துவந்தது. குடிப்பதற்கு நாங்கள் எப்போதும் அங்கேதான் போவோம். அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

“தண்ணி எப்படி இருக்கு இங்க?” என்று அவர் கேட்டார்.

“ஏதோ ஓடுதுங்க. எங்களவிடக் கஷ்டப்படறவங்க இருக்காங்க” என்றாள் அம்மா.

“நாங்க சமாளிச்சுக்குவோம், கண்ணு” என்றாள் வெர்னா அத்தை.

அப்பா தன் பங்குக்கு, “இந்தப் பள்ளத்தாக்குல யாருக்கும் ரத்தசோகை வராது. அவ்ளோ இரும்பு!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திருமதி ப்ரெஸ்டனும் சிரித்தார். இன்னொரு வாய் காபி குடித்துவிட்டு, “காபி ரொம்ப நல்லாத்தான் இருக்கு” என்றார். பிறகு, எழுத எதுவும் இல்லை என்பதுபோல் பேனாவை மூடினார்.

மூடிவிட்டார்! கர்ட்டிஸ் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அய்யோ, யாராவது சொல்லுங்களேன் — யாரும் சொல்லமாட்டார்கள். வந்தவரிடம் குறை சொல்வதா? அவருக்கு அழுக்குத் தண்ணீர் கொடுப்பதா? நடக்காத காரியம்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. தொட்டிக் குழாயைத் திறந்தேன். இருமியது, துப்பியது, அப்புறம் வந்தது. ஒரு டம்ளர் பிடித்து பிளாக்பெர்ரி பைக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசனை மேசை முழுக்கப் பரவியது.

“இதுதான் எங்க தண்ணி” என்றேன். “நீங்க குடிச்ச காபி மலை ஊத்துத் தண்ணியில போட்டது. உங்களுக்குன்னு கொண்டு வந்தது.”

அம்மா ஒரு துணியை எடுத்து அந்த டம்ளரை மூடினாள். செத்த பூனையை மூடுவது போல.

 வெர்னா அத்தை எட்டிப் பார்த்து, “இதென்ன ஆரஞ்சு, எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. கறுப்பு” என்றாள். பின்வரிசையிலிருந்து பக்கத்து வீட்டு டால்ட்டன், “கறுப்பாவது பரவால்ல, எங்களுதுல வாயுவும் சேந்து வருது, தீக்குச்சி காட்டினா பத்திக்கும்” என்றார். “நீ குடிக்கிற சரக்குக்கு நீயே பத்திக்குவ” என்று அத்தை திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான், போட்டி போட ஆரம்பித்துவிட்டார்கள். திருமதி ப்ரெஸ்டன் பேனாவைத் திறந்து வேகவேகமாக எழுதினார். போகும்போது ஊறுகாய் ஜாடி ஒன்று கேட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றி எடுத்துப் போனார்.

மார்ச் 20

அம்மா பேசவில்லை. சாயங்காலம் ஒரே ஒரு வார்த்தை: “என் வீட்டு மேசையில வச்சுட்டியேடி.”

அழுதேன். தப்பு செய்தேனா? செய்யாமல் இருந்திருக்க முடியுமா?

மே 6

பிரதிநிதி அனுப்பிய பட்டியல் இன்று எல்லோரும் பார்க்கும்படி வெளியானது. ஸ்லேட் ரன் குடிநீர்க் குழாய் — இருக்கிறது! கர்ட்டிஸ் சத்தமாக இரண்டு தடவை படித்தார். அம்மாவிடம் சொன்னேன். தலையைத் திருப்பாமலே என் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டி வைத்தாள். அது போதும் எனக்கு.

டிசம்பர் 11

வாஷிங்டனில் இன்னும் பட்ஜெட் முடியவில்லை.

மார்ச் 17

போயிற்று. புதுப் பட்ஜெட்டே போடவில்லை. போன வருஷக் கணக்கையே நீட்டிவிட்டார்கள். பெயர் குறித்துக் கேட்ட வேலைகள் எல்லாம் அதோடு போயின. யார்மேல் கோபப்படுவது? வீட்டில் எப்படிச் சொல்வேன்?

சொல்லும்முன்பே திருமதி ப்ரெஸ்டன் தானே போனில் கூப்பிட்டார். “திரும்பவும் கேக்கறோம். உங்க ஜாடி என் மேசைமேலதான் இருக்கு. வர்றவங்க எல்லாம் இது என்ன டீயான்னு கேக்கறாங்க” என்றார். தன் தப்பு மாதிரி மன்னிப்பும் கேட்டார். அவர் கேட்க வேண்டியதே இல்லை.

மார்ச் 23

அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அம்மா கதவருகே நின்றாள். கையில் ஜாடி, நிறைய ஆரஞ்சுத் தண்ணீர், மூடி இறுக்கி.

“பழசு கீழ படிஞ்சு தெளிஞ்சிருக்கும். தெளிஞ்ச தண்ணியப் பாத்துட்டு யாரு காசு குடுப்பா? இதக் குடுத்தனுப்பு” என்றாள். “யாரு வீட்டுதுன்னு கேட்டா, என் பேரச் சொல்லி, ஐவி மல்லின்ஸ் வீட்டுதுன்னு சொல்லச் சொல்லு.”

ஜாடியைக் காரில் பக்கத்து சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 4

இந்த வருஷப் பட்ஜெட் கையெழுத்தாகிவிட்டது. அதில் எங்கள் ஊர்ப் பெயர் போட்டு ஒரு வரி. ஒரே ஒரு வரி. நாங்கள் பார்க்கவே போகாத ஊர்க்காரர்களின் வரிப்பணமும் அதில் இருக்கிறது. அவர்களுக்கு யார் போய் நன்றி சொல்வது?

அக்டோபர் 9

திருமதி ப்ரெஸ்டன் வந்திருந்தார். ஒன்றரை வருஷத்துக்கு மேல் தோண்டிக் குழாய் போட்டு முடிந்ததைப் பார்க்க. மறுபடி பிளாக்பெர்ரி பை, மறுபடி அதே நாற்காலி. கர்ட்டிஸ் என்னை ஏதாவது பேசச் சொல்வாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன், மூன்றாவது துவைப்பு.

திருமதி ப்ரெஸ்டன் தண்ணீர் கேட்டார். அம்மா டம்ளருடன் குழாயடிக்குப் போனாள். திறந்துவிட்டு அப்படியே காத்திருந்தாள், எப்போதும் போல, கலங்கல் போகட்டும் என்று. முதலிலிருந்தே தெளிவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் பார்த்தோம். 

பிறகு அவளுக்கே தெரிந்தது. டம்ளரை நிரப்பி, துணி எதுவும் மூடாமல், மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள்.