அவர் எழும் வரை

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஏழு டேக். ஏழும் என்னால்தான் வீண். காட்சி பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. மகன் இறந்த செய்தியைத் தந்தை உட்கார்ந்தபடி கேட்கிறார், பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போகிறார். கேமரா என் தோளில். அவர் எழும்போது நானும் கூடவே எழ வேண்டும். நானோ ஒவ்வொரு முறையும் அவருக்கு முன்பே எழுந்துவிடுகிறேன். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு மனப்பாடம், அதுதான் வினை.

ஒளிப்பதிவாளர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "அவர் எந்திரிக்கப் போறாருன்னு கேமராவுக்கு எப்படிம்மா தெரியும்? ஜோசியம் பாக்குதா?" லைட் ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

எட்டு வருஷம் அசிஸ்டென்டாக லென்ஸ் மாற்றி, ஃபோகஸ் பிடித்து, இப்போதுதான் ஆபரேட்டர். வெள்ளிக்கிழமை இதே காட்சி மறுபடியும். அன்றும் சொதப்பினால் வேறு ஆளைப் போடுவாராம். போடட்டுமே! இல்லை — விடமாட்டேன்.

மார்ச் 5

விடுமுறை. வீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, ஐந்து கிலோ சோப்புத்தூள் பையைத் தோளில் சுமந்துகொண்டு எதிரே குந்தினேன். நினைத்தபோது எழச் சொன்னேன்.

"எப்போன்னு சொல்லிட்டா எனக்கும் வசதி."

"சொன்னா அப்புறம் என்ன பயிற்சி? பேசாம பேப்பரைப் படிங்க."

கட்டிக்கொண்ட பாவத்துக்கு நாற்பது தடவை எழுந்தார். ஒன்று கவனித்தேன்: எழுமுன் பாதத்தைப் பின்னால் இழுக்கிறார். ஆனால் இழுத்தபோதெல்லாம் எழுவதில்லை. அதை நம்பி மூன்று முறை ஏமாந்தேன். அவருக்குச் சிரிப்பு வேறு. தலை நகரும் வரை நான் நகரக் கூடாது. அவ்வளவுதான்.

மார்ச் 6

தொடை கழன்றுவிடும் போல வலி. படப்பிடிப்பு முடிந்து வந்து இன்றும் நாற்பது.

மார்ச் 7, வெள்ளி

முதல் டேக். நடிகர் செய்தியைக் கேட்டார். எழவேண்டிய இடம் வந்தது. பாதம் பின்னால் போனது. எழவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மறந்துவிட்டாரா? நானாவது ஜன்னல் பக்கம் திரும்பவா? வியர்வை கண்ணில் இறங்குகிறது. இருடி, கொஞ்சம் இரு, அவர் எந்திரிக்கட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் எழவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே உடைந்து அழுதார். டைரக்டர் வெகுநேரம் கட் சொல்லவில்லை.

சொன்னதும் வழக்கம்போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஷாட் தேறியதா என்று முதலில் சொல்லவேண்டியவள் ஆபரேட்டர். "ஓகே" என்றேன்.

நடிகர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "எந்திரிக்க முடியலம்மா. நீங்க என்னை விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு நெனச்சேன்."

மார்ச் 8

ஒளிப்பதிவாளர் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. திங்கட்கிழமைக்கான ஷாட் பட்டியலை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பதினான்கு ஷாட். பதினான்கும் தோளில். தைலம் வாங்கி வைக்க வேண்டும்.